கல்லறைக்கு என்ன செய்தால் குற்றம்?

கும்லிஸ் என்பவரின் மகன் மனேஸ். அவருடைய கல்லறையோடு சேர்ந்த ஒரு கல்லில் இப்படி எழுதியிருக்கிறது: “இந்தக் கல்லுக்கோ, இந்தக் கல்லறைக்கோ, இதைச் சேர்ந்த இடத்துக்கோ, எதற்காவது எவனாவது ………, அவனுடைய முற்றம், வீடு, மண், நீர், சொத்து, அவனுக்கென்று இருப்பது எதுவானாலும், எபேசு ஆர்த்தெமிஸும் கொலோவே ஆர்த்தெமிஸும் ………”

இரண்டு இடங்களில் புள்ளி வைத்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பது வினைச்சொல். மனிதன் என்ன செய்வான், தெய்வம் என்ன செய்யும் என்ற இரண்டும் அந்தச் சொற்களில்தான் இருக்கின்றன. மற்றதெல்லாம் பெயர்ச்சொற்கள், அவற்றை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். பேசுவோர் அற்றுப்போய் இரண்டாயிரம் ஆண்டுகளான மொழியில் ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் சொல்வது எப்படி என்பதை முதல் கோடிட்ட இடத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். அங்கே கல்லில் இருக்கும் சொல்லை ஏறத்தாழ ‘ஃபென்ஸ்லிஃபித்’ என்று உச்சரிக்கலாம். நடுவில் வரும் ‘ல்’ நம்முடைய லகரத்தைப் போல் இல்லாமல், நாக்கு மேலண்ணத்தில் படிந்து எழும் ஒலி. முதல் எகரம் மூக்கொலி கலந்தது.

மொழியின் பெயர் லிடியம். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், மனிசா மாகாணத்தில், சார்த் என்ற ஊர் இருக்கிறது. அதுதான் லிடியர்களின் தலைநகரான சார்திஸ். தமிழ் விவிலியத்தில் வெளிப்படுத்தின விசேஷம் படித்தவர்களுக்கு அது ‘சர்தை’ என்ற பெயரில் பழக்கமான ஊர். செல்வத்துக்குப் பெயர்போன குரோசஸ் மன்னன் அங்கிருந்துதான் ஆண்டான். கி.மு. 546 வாக்கில் பாரசீகத்தின் சைரஸ் அந்த நகரைப் பிடித்தான். அரசு போனது, மொழி உடனே போய்விடவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் லிடியக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி பாரசீகர் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தவை, கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்டவை. பிறகு கிரேக்கம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி எழுதிய ஸ்திராபோ, லிடியாவிலேயே அந்த மொழியின் சுவடு இல்லை என்று பதிந்திருக்கிறார்.

மிஞ்சியது மிகக் கொஞ்சம். மொத்தம் நூற்றுச் சொச்சம் எழுத்துச் சான்றுகள். அவற்றிலும் பல, பானை ஓட்டில் கீறிய ஒரு பெயர், காசில் பொறித்த நாலைந்து எழுத்து என்ற அளவுதான். முழு வாக்கியங்கள் தொடர்ந்து வருபவை சில டஜன் கற்களே. கதை, வணிகக் கணக்கு, கடிதம் எதுவும் கிடைக்கவில்லை. இருப்பவை பெரும்பாலும் கல்லறை எழுத்துகளும் கோயில் காணிக்கைக் குறிப்புகளும். இது நமக்கு ஒரு வகையில் இழப்பு, இன்னொரு வகையில் உதவி. கல்லறையில் யாரும் புதுமையாக எழுதுவதில்லை. ஒரே வாய்பாடு கல்லுக்குக் கல் திரும்ப வரும். திரும்ப வருகிற இடத்தில்தான் ஒப்பிட முடியும்.

வாசிப்பது பெரிய சிக்கல் இல்லை. லிடிய எழுத்துகள் 26. பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்படும். பாதிக்கு மேல் கிரேக்க எழுத்தின் உறவுகள். சில மட்டும் தனி. நம் சொல்லின் முதல் எழுத்து நம்முடைய எண் 8 போலவே இருக்கும். இத்தாலியில் எத்ருஸ்கர்களும் அதே வடிவத்தை அதே ‘ஃப’ ஒலிக்குப் பயன்படுத்தினார்கள். ‘ஃபென்ஸ்லிஃபித்’ என்ற சொல்லில் அந்த எட்டு இரண்டு முறை வரும். ஆக, உச்சரிக்கத் தெரியும். ஆனால் உச்சரிக்கத் தெரிவதும் புரிவதும் ஒன்றில்லை. ஐரோப்பாவின் மொழியியலாளர்கள் லிடியத்தின் முன்னால் வெகுகாலம் அந்த நிலையில்தான் நின்றார்கள்.

1910இலிருந்து 1914 வரை சார்திஸில் அமெரிக்கர்கள் அகழ்ந்தார்கள். தலைமை தாங்கியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கிராஸ்பி பட்லர். 1912இல் நகரின் இடுகாட்டுப் பகுதியில் மனேஸின் கல் கிடைத்தது. மேலே லிடியம், கீழே அரமேயம். பாரசீகப் பேரரசின் அலுவல் மொழி அரமேயம். அதை நன்றாகப் படிக்க முடியும். கல்வெட்டுகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு ஜெர்மானியரான என்னோ லிட்மனுக்கு வந்தது. அவர் செமித்திய மொழிகளில் தோய்ந்தவர். பிற்காலத்தில் ‘ஆயிரத்தோரு இரவுகள்’ முழுவதையும் ஜெர்மனில் பெயர்த்தவர். அரமேயம் அவருக்கு வீட்டு மொழி மாதிரி. 1916இல் அவருடைய பதிப்பு வந்தது. லிடிய ஆய்வின் உண்மையான தொடக்கம் அந்த ஆண்டுதான் என்று நான் சொல்வேன்.

அரமேயப் பகுதி, அர்த்தசெர்க்சஸ் மன்னனின் 10ஆம் ஆட்சியாண்டு, மார்ஹெஷ்வான் மாதம் 5ஆம் நாள் என்று தொடங்குகிறது. அந்தப் பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட அரசர்கள் உண்டு. பெரும்பாலோர் இரண்டாம் அர்த்தசெர்க்சஸ் என்று கொள்கிறார்கள், அப்படியானால் கி.மு. 394. லிடியப் பகுதியின் தொடக்கம் உடைந்துபோயிருக்கிறது. ஆண்டும் அரசனும் போய், மாதத்தின் பெயர் மட்டும் நிற்கிறது: ‘பகில்லி’ மாதம்.

இங்கே ஒரு சிறிய திருப்பம். சார்திஸின் ஆர்த்தெமிஸ் கோயிலில் லிடியமும் கிரேக்கமுமாக இன்னொரு எழுத்துண்டு. லிடியத்தில் மூன்றே சொல்: ‘நன்னாஸ் பகிவாலிஸ் ஆர்த்திமுல்’. கிரேக்கத்திலும் மூன்றே சொல்: தியோனிசிக்ளெஸின் மகன் நன்னாஸ், ஆர்த்தெமிஸுக்கு. லிடியரின் ‘பகி’ கிரேக்கரின் மதுக்கடவுள் தியோனிசஸ் என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் ‘பகில்லி’ அந்தக் கடவுளின் மாதம். மார்ஹெஷ்வான் வருவது அக்டோபர்–நவம்பரில், திராட்சை அறுவடை முடிந்த பருவம். ஒரு கல்லின் சான்று இன்னொரு கல்லின் சான்றோடு இப்படிப் பொருந்தும்போது கிடைக்கும் நம்பிக்கை தனி.

ஆனால் நன்னாஸின் கல்லில் நமக்கு வேண்டியது இல்லை. ‘காணிக்கையாகத் தந்தான்’ என்று யாரும் எழுதவில்லை. எல்லாருக்கும் புரியும் என்று விட்டுவிட்டார்கள். வினைச்சொல்லே இல்லாத இருமொழிக் கல்வெட்டு அது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது சொல்லின் கடைசி எழுத்தைத்தான். ‘ஆர்த்திமுஸ்’ என்றால் ஆர்த்தெமிஸ். ‘ஆர்த்திமுல்’ என்றால் ஆர்த்தெமிஸுக்கு. மேலண்ணத்து ‘ல்’ என்று சொன்னேனே, அதுதான் லிடியத்தின் ‘-உக்கு’. இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மனேஸின் கல்லுக்குத் திரும்புவோம். இரண்டு மொழியும் சொல்லுக்குச் சொல் ஒட்டி நடந்தால் வேலை சுலபம். அப்படி நடக்கவில்லை. லிடியத்தில் எபேசு ஆர்த்தெமிஸ் முதலில் வருகிறாள், கொலோவே ஆர்த்தெமிஸ் பிறகு. அரமேயத்தில் கொலோவே முதலில், எபேசு பிறகு. அரமேயத்தில் குற்றவாளியோடு அவன் வாரிசுக்கும் தண்டனை உண்டு. லிடியத்தில் வாரிசைப் பற்றிப் பேச்சே இல்லை. உடைமைப் பட்டியலைப் பாருங்கள். அரமேயத்தில்: முற்றம், வீடு, சொத்து, மண், நீர், அவனுடைய பொருள்கள். லிடியத்தில்: ‘ஆரால் பிரால்க் க்லிதால் கோஃபுல்க் கிரால் கெல்ல்க் பில்ல்’. வரிசைப்படி வைத்தால் மூன்றாவது சொல் ‘க்லிதா’ சொத்து, நான்காவது ‘கோஃபு’ மண் என்று வந்துவிடும். அது தவறு.

தவறு என்று காட்டிக்கொடுப்பது ஒரு சின்ன ககரம். ‘பிரால்க்’, ‘கோஃபுல்க்’, ‘கெல்ல்க்’ என்று ஒன்றுவிட்ட சொற்களின் வாலில் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. நம்முடைய ‘-உம்’ செய்யும் வேலையை அது செய்கிறது. நாம் ‘வீடும் வாசலும்’ என்று இரண்டிலும் ‘-உம்’ போடுவோம். லிடியர் இரண்டாவதில் மட்டும் போடுவார்கள். ஆக, பட்டியல் இரண்டிரண்டாகப் பிரிகிறது: ஆராவும் பிராவும், க்லிதாவும் கோஃபுவும், கிராவும் மற்றெதுவும். அரமேயத்தில் இயல்பாகச் சேர்ந்து நிற்கும் இணை மண்ணும் நீரும். லிடியத்தின் நடு இணையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ‘கிரா’ சொத்து என்று தனியே ஒதுங்கிவிடுகிறது. ‘பிரா’ வீடு என்பதற்கு வெளியிலிருந்தும் சாட்சி உண்டு: அதே நிலத்தில் ஆயிரம் ஆண்டு முன்னால் பேசப்பட்ட ஹிட்டைட் மொழியில் வீட்டுக்குப் ‘பிர்’ என்று பெயர். 1936இல் இத்தாலியரான பியெரோ மெரிஜி லிடியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று வாதிட்டு எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அது ஹிட்டைட்டும் லூவியமும் உள்ள அனத்தோலியக் கிளையின் உறுப்பு என்று உறுதி செய்தன.

இருமொழிக் கல்வெட்டு என்றால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மனேஸின் கல்லில் ‘லக்ரிசா’ என்று ஒரு சொல் இருக்கிறது. கல்லறையைச் சேர்ந்த ஏதோ ஒரு பகுதி. அரமேயத்தில் அதற்கு எதிரே இருக்கும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது போலத் தெரிகிறது. அதை ‘மரங்கள்’ என்று எடுப்பவர்களும் உண்டு, வேறு மாதிரி எடுப்பவர்களும் உண்டு. சாட்சியே தடுமாறினால் வழக்கு நிற்காது. மாறாக ‘வானா’ என்ற சொல் உறுதியாக நிற்கிறது. அரமேயத்தில் அதற்கு எதிரே ‘குகை’ என்று இருக்கிறது. சார்திஸின் இடுகாடு மலைச்சரிவில் குடைந்த அறைகளால் ஆனது. பட்லர் குழு அப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளைத் திறந்தது. எனவே வானா என்பது குடைந்த கல்லறை. மண்வெட்டியும் அகராதியும் ஒன்றையே சொல்கின்றன.

இனி நம் வினைச்சொல். அது வினை என்பது எப்படித் தெரியும்? முதலாவது, அது நிற்கும் இடம். லிடிய உரைநடையில், தமிழில் போலவே, வினை பொதுவாக வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். ‘ஃபென்ஸ்லிஃபித்’ முடிந்ததும் ‘ஃபக்ம்ல்’ என்று புதிய வாக்கியம் தொடங்குகிறது. அதற்கு ‘அப்போது அவனுக்கு’ என்று பொருள். இரண்டாவது, அதன் வால். ‘-த்’ என்ற ஈறு, சமஸ்கிருதத்தில் ‘பவதி’ என்பதில் கேட்கும் ‘-தி’யின் உறவு. படர்க்கை, நிகழ்காலமும் எதிர்காலமும் சேர்ந்தது. மூன்றாவது, எழுவாய். அதே வாக்கியத்தில் ‘நாக்விஸ்’ என்று ஒரு சொல் வருகிறது. அதன் பின்பாதியான ‘க்விஸ்’ இலத்தீனின் ‘க்விஸ்’ தான், ஹிட்டைட்டின் ‘குயிஸ்’ தான். ‘யார்’ என்று பொருள். ‘எவனாவது’ என்று எழுவாய் கிடைத்துவிட்டால், அவன் செய்வது என்ன என்பதுதான் மிச்சம்.

அரமேயத்தைப் பார்க்கிறோம். அங்கே ஒரு வினை இல்லை, இரண்டு இருக்கின்றன! முதலாவதன் வேர் ஹ-ப-ல்: கெடுப்பது, பாழாக்குவது, தீங்கு செய்வது. இரண்டாவதன் வேர் ப-ர-க்: உடைப்பது, நொறுக்குவது. ‘எவன் கெடுத்தாலும் அல்லது உடைத்தாலும்’ என்கிறது அரமேயம். லிடியத்தில் ஒரே சொல். அது இரண்டில் எது?

முதலில் தோன்றுவது ‘உடை’ என்பதுதான். பேச்சு கல்லைப் பற்றியது. கல்லை என்ன செய்வார்கள்? உடைப்பார்கள். படம்போல் கண்முன் நிற்கிறது. எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் லிடிய வாக்கியத்தின் வேற்றுமை உருபுகளை எண்ணிப் பார்த்தால் அந்தப் படம் கலைகிறது. கல் ‘ம்ருல்’ என்றும், கல்லறை ‘வானால்’ என்றும், ‘எதுவும்’ என்ற சொல் ‘கெல்ல்க்’ என்றும் வருகின்றன. எல்லாம் ‘-ல்’. நன்னாஸ் கொடுத்த காணிக்கை ஆர்த்தெமிஸுக்கு என்று சொன்ன அதே ‘-ல்’. கல்லுக்கு, கல்லறைக்கு, எதற்காவது. தொடக்கத்தில் தமிழில் தந்தபோது நான் போட்ட ‘-உக்கு’ எல்லாம் லிடியத்திலேயே இருப்பவை. தமிழில் ஒருவன் கல்லை உடைப்பான்; கல்லுக்கு உடைக்க மாட்டான். கல்லுக்கு அவன் செய்யக்கூடியது தீங்கு, கேடு, ஊறு. வேற்றுமையை வைத்து வினையின் பொருளை முழுதாகச் சொல்லிவிட முடியாது, மொழிக்கு மொழி அது வேறுபடும். ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது காட்டுகிறது. அரமேயத்தில் எழுதியவரும் கல்லையும் கல்லறையையும் சொல்லும்போது ‘எதிராக’, ‘-உக்கு’ என்ற பொருள் தரும் முன்னிடைச் சொற்களோடுதான் தொடங்கியிருக்கிறார்.

ஒரே கல்லை வைத்துக்கொண்டு இதற்கு மேல் போக முடியாது. இரண்டாவது சாட்சி வேண்டும். அது சார்திஸிலேயே கிடைத்த இன்னொரு கல்லறைக் கல்வெட்டில் இருக்கிறது. அறிஞர்களின் தொகுப்பில் அதற்கு எண் 4. இதற்கு அரமேயத் துணை கிடையாது. அதில் சாபம் இப்படி முடிகிறது: ‘ஃபக்ம்ல் சாந்தாஸ் குஃபவ்க் மரிவ்தாக் என்ஸ்லிப்பித்’.

சொல் சொல்லாகப் பிரிப்போம். ‘ஃபக்ம்ல்’ நமக்குத் தெரியும்: அப்போது அவனுக்கு. ‘சாந்தாஸ்’ அனத்தோலியாவின் பழைய போர்க்கடவுள். லூவிய மக்களிடமும் அந்தப் பெயர் உண்டு. ‘குஃபவ்’ என்பது குபாபா, பெண் தெய்வம். ‘மரிவ்தா’ என்ற பெயர், ‘இருண்டவர்கள்’ என்று பொருள்படும் லூவியத் தெய்வக் கூட்டத்தின் பெயரோடு பொருந்துகிறது. பழைய யகரம் லிடியத்தில் தகரமாகும் என்ற ஒலிவிதியை வைத்து அமெரிக்க அறிஞர் கிரெய்க் மெல்செர்ட் அதைக் காட்டியிருக்கிறார். பின்னிரண்டு பெயர்களின் வாலிலும் நம் ‘-உம்’ ஆன ககரம் ஒட்டியிருக்கிறது. ஆக, இந்தத் தெய்வங்கள் எல்லாம் சேர்ந்து அவனுக்கு ஏதோ செய்கின்றன. என்ன? ‘என்ஸ்லிப்பித்’.

இதைப் படித்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். ‘ஃபென்ஸ்லிஃபித்’ என்பதன் தலையிலிருந்து ‘ஃப்’ போய்விட்டது, நடுவில் ஃபகரத்தின் இடத்தில் பகரம் நிற்கிறது. மற்றபடி அதே சொல். தலையில் ஒட்டும் ‘ஃப-’ லிடிய வினைகளுக்கு முன்னொட்டாக வருவது, பிற வினைகளிலும் காணலாம். நடுவில் ப, ஃப மாறுவதும் தற்செயலில்லை: வேறு கற்களில் முன்னொட்டோடு கூடிய வடிவமே ‘ஃபென்ஸ்லிபித்’ என்று பகரத்தோடும் எழுதப்பட்டிருக்கிறது. குபாபா என்ற பெயர் லிடியர் வாயில் குஃபவ் ஆனதையும் இதே வரியில் பார்த்தோம்.

இப்போது ‘உடை’ என்ற பொருளை இங்கே வைத்துப் பாருங்கள். தெய்வங்கள் அவனுக்கு உடைக்கும் என்று வாக்கியம் நிற்காது. ‘கொள்ளையடி’ என்று வைத்தால் முதல் கல்லில் பொருந்தும். தெய்வம் மனிதனைக் கொள்ளையடிக்கும் என்பது இங்கே முரண்டுபிடிக்கும். ‘அழித்தெழுது’, ‘திற’, ‘அகற்று’ எல்லாம் இதே கதி. கல்லுக்கும் செய்யக்கூடியதாக, உயிருள்ள ஆளுக்கும் செய்யக்கூடியதாக, மனிதனும் செய்யக்கூடியதாக, தெய்வமும் செய்யக்கூடியதாக ஒரு வினை வேண்டும். அதோடு ‘-உக்கு’ ஏற்கவும் வேண்டும். ‘அவனுக்கு’ என்ற ‘ம்ல்’ இங்கேயும் இருக்கிறதே. இந்த நிபந்தனைகள் அனைத்தையும் தாண்டி வருவது தீங்கு, கேடு என்ற பொதுப்பொருள் ஒன்றுதான். அரமேயத்தின் இரண்டு வினைகளில் லிடியச் சொல்லுக்கு நேரானது ஹ-ப-ல். ‘அல்லது உடைத்தாலும்’ என்பது அரமேய எழுத்தர் தம் மொழி வழக்கப்படி பொருளை இன்னும் இறுக்கிக் கட்டுவதற்காகச் சேர்த்தது என்றே நான் கருதுகிறேன்.

ஒரு சந்தேகம் எழலாம். முதல் கல்லில் செய்பவன் ஒருவன், இரண்டாவதில் செய்பவர்கள் பலர். இரண்டிலும் வினையின் ஈறு ஒரே ‘-த்’. இது சரியா? லிடியத்தில் சரிதான். படர்க்கையில் ஒருமை பன்மை வேறுபாடு பல வினைகளில் மங்கிப்போன மொழி அது. ‘மாடு மேயுது, மாடுகள் மேயுது’ என்று பேசும் நமக்கு அது புதிதாகத் தோன்றக்கூடாது.

இரண்டாவது கோடிட்ட இடத்தையும் சும்மா விட முடியாது. மனேஸின் கல்லில் தெய்வங்கள் செய்வதைச் சொல்லும் வினை ‘வ்த்ஸ்பக்வெந்த்’ போல ஒலிக்கும். அடுக்கடுக்கான மெய்கள், லிடியர் எப்படிச் சொன்னார்களோ, நம் வாய்க்குள் நுழைவது கடினம். அரமேயத்தில் எதிரே இருப்பது ப-த-ர், சிதறடி. ‘அவனையும் அவன் வாரிசையும் சிதறடிப்பார்கள்.’ அப்படியே எடுத்துக்கொண்டு லிடியத்துக்கும் ‘சிதறடி’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். போகவிடாமல் தடுப்பது மறுபடியும் அந்த ‘-ல்’. முற்றத்துக்கு, வீட்டுக்கு, மண்ணுக்கு, நீருக்கு. இவை எல்லாம் ‘-உக்கு’ வேற்றுமையில் இருக்கின்றன. சிதறடிப்பதற்கு அது ஒட்டாது. ஒன்றின்மேல் விழுவது, மிதித்து நசுக்குவது போன்ற வினைக்கு ஒட்டும். அப்படி எடுப்பவர்கள் ஆய்வாளர்களில் உண்டு, அவர்கள் பக்கம்தான் எனக்கும் மனம் சாய்கிறது. ஆனால் ‘ஃபென்ஸ்லிஃபித்’ சொல்லுக்குக் கிடைத்தது போல, எதிரெதிர்த் திசையிலிருந்து மடக்கும் இரண்டு வாக்கியங்கள் இதற்கு அமையவில்லை. எனவே இது ‘அழிப்பது போன்ற ஒன்று’ என்ற அளவில் நிற்கிறது.

வேறு வழியே கிடையாதா என்று கேட்கலாம். வேர்ச்சொல் தேடலாமே? உறவு மொழிகள் இருக்கின்றனவே? இந்த வழியின் கவர்ச்சி பெரியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எபேசுவைச் சேர்ந்த ஹிப்போனாக்ஸ் என்ற கிரேக்கக் கவிஞர், ஹெர்மெஸ் கடவுளை ‘நாயின் கழுத்தை நெரிப்பவனே’ என்று அழைத்து, மெயோனியர் மொழியில், அதாவது லிடியத்தில், அதற்குக் ‘கந்தவுலஸ்’ என்று பெயர் என்கிறார். ஹெரோடோட்டஸ் சொல்லும் பழைய லிடிய அரசன் ஒருவனின் பெயரும் அதுதான். முன்பாதி ‘கன்’, இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் நாய்க்கு உள்ள சொல்லோடு இசைகிறது. பின்பாதி, நெரிப்பதைக் குறிக்கும் ஸ்லாவிய வினையான ‘தாவிதி’யோடு இசைகிறது. ஒரு கவிஞரின் குறிப்பிலிருந்து லிடியத்தின் ஒரு வினைவேர் வெளியே வந்துவிட்டது போலத் தெரிகிறது. இதற்கு மேல் இன்னொன்று: சார்திஸ் அகழாய்வில், வெட்டப்பட்ட நாய்க்குட்டிகளின் எலும்புகள் பானைக்குள் வைக்கப்பட்டு, கூடவே கிண்ணம், குடம், தட்டு, இரும்புக் கத்தி என ஒரு சாப்பாட்டுக்கு வேண்டியவை சேர்த்துப் புதைக்கப்பட்ட குழிகள் பல கிடைத்தன. 1978இல் அவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டவர் கிராஃபர்ட் கிரீனவால்ட். கந்தவுலஸோடு அவற்றை இணைத்துப் பேசியவர்கள் உண்டு.

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் லிடியக் கல் எதிலும் அந்த வினை ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கவில்லை. யார், யாருக்கு, எதை என்ற உறவுகளுக்குள் அது வைத்துப் பார்க்கப்படவில்லை. ஒலி ஒத்திருக்கிறது என்பது ஒரு வழக்கின் தொடக்கமாக இருக்கலாம்; தீர்ப்பாக முடியாது. அகராதி எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர். 1964இல் லிடிய மொழிக்கு அகராதி வெளியிட்ட இத்தாலியர் ரொபெர்ட்டோ குஸ்மானி ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் இடங்கள் அனைத்தையும் அடுக்கினார். பொருள் துணிய முடியாத இடத்தில் துணியாமல் விட்டார். நூற்றுச் சொச்சம் எழுத்துச் சான்றுகளே உள்ள மொழியில் ஒரு தவறான பொருள் நுழைந்தால், அதை ஆதாரமாகக் கொண்டு அடுத்த சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள், அதை வைத்து அதற்கடுத்த சொல்லுக்கு. இறந்த மொழிக்காரர் யாரும் வந்து திருத்தப் போவதில்லை. அதனால்தான் அந்த அகராதியின் வெற்றிடங்களை நான் மதிக்கிறேன்.

‘ஃபென்ஸ்லிஃபித்’ சொல்லுக்கு எல்லாரும் ஏற்கும் வேர்ச்சொல் உறவு எதுவும் இல்லை. ஹிட்டைட்டில் இதன் அண்ணன் யார், லூவியத்தில் தங்கை யார் என்று காட்ட முடியாது. ஆனாலும் கந்தவுலஸை விட இது நமக்கு உறுதியாகத் தெரியும். வேர் தெரியாமலேயே ஒரு சொல்லின் பொருள் தெரிய முடியும். அது யாரோடு நின்றது, எந்த வேற்றுமையை ஏற்றது, யார் செய்ய யார் பட்டார்கள் என்பது போதும்.

இனி மொழிபெயர்ப்பு. தமிழில் என்ன வினை போடுவது? ‘சேதப்படுத்து’ என்றால் கல்லுக்கு ஆகும், ஆளுக்கு ஆகாது. ‘தண்டி’ என்றால் தெய்வத்துக்கு ஆகும், திருடனுக்கு ஆகாது. ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளில் சில, குற்றத்துக்கு ஒரு சொல்லும் தண்டனைக்கு வேறொரு சொல்லும் போட்டிருக்கின்றன. அது எனக்கு உடன்பாடில்லை. நான்காம் எண் கல்லை வெட்டச் செய்தவர்களும் மனேஸைச் சேர்ந்தவர்களும் ஒரே வினையைக் கொண்டுதான் இரண்டையும் சொல்லும் மொழியைப் பேசினார்கள். ‘ஃப’ என்ற ஒரு முன்னொட்டு மட்டும் வேறுபாடு. மனிதன் கல்லறைக்கு எதைச் செய்கிறானோ அதையேதான் தெய்வம் அவனுக்குச் செய்யும் என்பது அந்தச் சட்டத்தின் அமைப்பு. காலமும் கவனிக்கத்தக்கது: வினையில் இருப்பது வேண்டுகோள் வடிவம் இல்லை, வழக்கமான நிகழ்–எதிர்கால ஈறு. ‘செய்யட்டும்’ என்று அது கெஞ்சவில்லை, ‘செய்யும்’ என்கிறது.

தமிழில் ‘கேடு செய்’ என்று ஒரு வினை உண்டு. கல்லுக்கும் கேடு செய்யலாம், ஆளுக்கும் கேடு செய்யலாம். மனிதனும் செய்வான், தெய்வமும் செய்யும். ‘-உக்கு’ ஏற்கும். லிடியம் கேட்கும் நிபந்தனை ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. ஆகவே என் தீர்ப்பு இது. மனேஸின் கல்லில்: “இந்தக் கல்லுக்கோ கல்லறைக்கோ எவன் கேடு செய்தாலும்.” நான்காம் எண் கல்லில்: “அவனுக்குச் சாந்தாஸும் குஃபவும் மரிவ்தாக்களும் கேடு செய்யும்.”